பெயர் மறந்துபோன கத்தி

பேனாக்கத்தி என்று நாம் அனைவரும் சொல்கிறோம். பேனாவுக்குக் கத்தி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கயிறு அறுக்கவும், மாம்பழம் நறுக்கவும், பென்சில் சீவவும் சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்திக்கு எழுதுகோலின் பெயர் எவ்வாறு வந்து ஒட்டிக்கொண்டது?

ஐரோப்பியர் வாத்தின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. எழுத எழுத இறகின் முனை மழுங்கும். மீண்டும் செதுக்க வேண்டும். அதற்கென்றே எழுதுவோரின் மேசை மீது சிறு கத்தி ஒன்று கிடக்கும். 1820, 1830களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தொழிற்கூடங்கள் எஃகு முனைகளை ஏராளமாகச் செய்து குவிக்கத் தொடங்கியதும் இறகு மறைந்தது. கத்தி மறையவில்லை. வேலை போன பின்பும் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு இன்றளவும் கடைகளில் தொங்குகிறது.

அரபு நாடுகளிலும் பாரசீகத்திலும் இறகுக்குப் பதில் நாணல். 'கலம்' என்று அதற்குப் பெயர். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே வழங்குகிறது. நாணல் கலத்தைச் சீவுவதற்கு நீண்ட கைப்பிடியும் குட்டையான அலகும் உடைய தனிக் கத்தி உண்டு. பாரசீகத்தார் அதனைக் 'கலம்தராஷ்' என்றனர். கலத்தின் நுனியை ஓர் எலும்புத் துண்டின்மேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டுவார்கள். அந்த ஒரு வெட்டில்தான் எழுத்தின் அழகே அடங்கியிருக்கிறது. பக்தாதின் புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர் யாகூத் அல்முஸ்தஅஸிமீ (இறப்பு 1298) கலத்தின் நுனியைச் சாய்வாக வெட்டியதால் எழுத்துக்குப் புதிய வனப்பு உண்டாயிற்று என்பர். மலபாரின் ஓத்துப்பள்ளிகளில் மரப்பலகையில் எழுதி ஓதிய பிள்ளைகளுக்கும் மூங்கிற் கலத்தைச் சீவிக் கொடுக்க ஒரு கத்தி வேண்டியிருந்தது.

இவையெல்லாம் பெயராவது எஞ்சிய கத்திகள். வேலையையும் பெயரையும் ஒருங்கே இழந்துவிட்ட கத்தி ஒன்று நம் தமிழ்நாட்டில் உண்டு. அதனைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

சாக்கில் வந்த பொருள்

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது கரிவலம்வந்தநல்லூர். என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தகப்பனார் அந்தச் சுற்று வட்டாரத்தில் சைக்கிளில் சென்று பழைய இரும்பு, பித்தளை, காலிப் புட்டிகள் வாங்கி விற்பவர். அவருடைய சாக்கிலிருந்து பொறுக்கியெடுத்த பொருள் ஒன்றை ஒருநாள் அம்மாணவன் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தான்.

"ஹஜ்ரத், இது என்ன கத்தின்னு வாப்பாவுக்கும் தெரியல்லே. கேட்ட ஆளெல்லாம் ஒவ்வொன்னு சொல்றாங்க" என்றான்.

மடக்கிய நிலையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். கருநிறக் கைப்பிடி; இரு கோடியிலும் பித்தளை ஆணி அடித்து முடுக்கப்பட்டிருந்தது. ஒரு கோடியிலிருந்து மெல்லிய அலகு ஒன்று வெளியே திரும்பியது. மறு கோடியிலிருந்து திரும்பியது கத்தியன்று. உருண்டு திரண்டு நுனி நோக்கிக் குறுகிச் செல்லும் இரும்பு ஊசி. இரண்டும் துருவேறியிருந்தாலும் கீல்கள் அசைந்தன.

ஊரார் சொன்ன விடைகள் சுவையானவை. முடி திருத்தும் பெரியவர் ஒருவர் இது பழங்காலச் சவரக்கத்தி என்றாராம். சவரக்கத்தியின் அலகு அகன்றிருக்கும். அதன் முதுகு தடித்து, வாய் மட்டும் மெலிந்திருக்கும். இதன் அலகோ முதுகும் மெல்லியது. மேலும் சவரத்துக்கு ஊசி எதற்கு? செருப்புத் தைப்பவர் ஊசியைப் பார்த்துவிட்டு, தோலில் துளையிடும் கருவி என்று அடித்துச் சொன்னார். அவருடைய குத்தூசியின் நுனியில் நூலைக் கோத்து இழுக்க ஒரு வெட்டு இருக்கும். இதில் அஃது இல்லை. பனையேறி ஒருவர் கையில் வாங்கியவுடன் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பாளை சீவும் அரிவாளின் அகலத்தையும் கூர்மையையும் அறிந்த கைக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தோன்றியிருக்கும். மாணவனின் பாட்டியார் மட்டும், "வெத்தலைச் செல்லத்திலே கிடக்கிற சாமான்" என்று சொல்லி முடித்துவிட்டார். பாக்குவெட்டி இரு கால்கள் கீலில் சேர்ந்தது. சுண்ணாம்பு எடுக்கும் கரண்டிக்கு நுனி தட்டையாக இருக்க வேண்டும். ஆகவே அதுவும் பொருந்தவில்லை.

ஒவ்வொருவரும் தத்தம் தொழிலின் கண்கொண்டே பார்த்தனர். அதில் தவறில்லை. ஆனால் ஒருவர்கூட அதனை எழுதும் கருவி என்று சொல்லவில்லை. எழுதுவோர் கையில் கத்தி இருந்த காலத்தை நாம் அவ்வளவு தூரம் கடந்து வந்துவிட்டோம்.

அஃது ஒரு மடக்கெழுத்தாணி.

எழுத்தாணியின் வகைகள்

டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் இறுதிக் காலத்தில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலில் ஓலையில் எழுதும் முறையையும் எழுத்தாணியின் வகைகளையும் கண்ணுக்கெதிரே காட்டுவதுபோல் விளக்கியிருக்கிறார். மரத்தாலோ தந்தத்தாலோ பிடி அமைந்தது ஒருவகை. அதனை 'ஊசி' என்றே சொல்வார்களாம். தலைப்பில் கொண்டையோடு கூடியது குண்டெழுத்தாணி. ஒரு பக்கம் எழுதும் ஊசியும் மறுபக்கம் ஓலை வாரும் கத்தியும் உடையது வாரெழுத்தாணி. மாட்டுக் கொம்பினாலோ தந்தத்தாலோ செய்த பிடிக்குள் மடக்கி அடக்கிக்கொள்ளத் தக்கது மடக்கெழுத்தாணி. அதிலும் ஊசியோடு கத்தி சேர்ந்திருப்பதுண்டு. அச்சுப் புத்தகத்தில் இருந்த இவ்விளக்கத்தையும் கையில் இருந்த பொருளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

இப்படியொரு சேர்க்கை தமிழ்நாட்டில் மட்டும் தோன்றியதன்று. இலங்கையில், 1815இல் முடிவுற்ற கண்டி இராச்சியத்தின் அரண்மனைக் கம்மியர்கள் 'பிஹா கேத்தா' என்னும் அழகிய கத்திகளைச் செய்தனர். அவற்றில் பலவற்றின் உறையில் கத்தியோடு 'பன்ஹிந்த' என்னும் எழுத்தாணியும் செருகப்பட்டிருக்கும். வெள்ளியும் பொன்னும் பதித்த அவை இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளன. நம் சாக்கில் வந்தது அரண்மனைச் சரக்கன்று. ஒரு கணக்கப்பிள்ளையோ திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோ மடியில் செருகிக்கொண்டு நடந்த சாதாரணக் கருவிதான்.

எழுதும் கருவியோடு கத்தியைச் சேர்த்து வைத்ததற்குக் காரணம் ஓலைதான். மிக இளங்குருத்தும் ஆகாது, முற்றியதும் ஆகாது. நடுத்தரமான பனையோலையைத் தேர்ந்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, வேகவைத்தோ நீரில் ஊறவைத்தோ நிழலில் உலர்த்துவார்கள். பிறகு வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். இவ்வளவுக்குப் பின்னும் ஓலையின் விளிம்புகள் ஏறுக்கு மாறாகத்தான் இருக்கும். ஒரே அகலத்துக்கு விளிம்பை ஒழுங்காகச் சீவியெடுப்பதற்கே 'வாருதல்' என்று பெயர். வாராத ஓலைகளை அடுக்கினால் சுவடி கட்டுக்குள் அடங்காது. நீட்டிய விளிம்பு முதலில் ஒடியும், ஒடிந்த இடத்தில் எழுத்தும் போகும். எனவே எழுதுபவன் கையில் எப்போதும் கத்தி இருந்தாக வேண்டும். அந்த அலகு ஏன் அவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதும் இப்போது விளங்கும். இறைச்சியையோ மரத்தையோ வெட்ட வந்த கத்தியன்று அது. காகிதத்தினும் சற்றே தடித்த ஓர் இலையின் ஓரத்தை மயிரிழை அகலத்துக்கு உரித்தெடுக்க வந்த கத்தி.

ஊசியின் நுனியும் ஒரு செய்தி சொல்கிறது. தையலூசி போல் கூர்மையாக இருந்தால் அது ஓலையின் நரம்பில் சிக்கிக் கிழித்துவிடும். உழுதுகொண்டு செல்ல வேண்டுமேயன்றிக் குத்தக் கூடாது. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் ஏடுகளில் பெரும்பாலும் இல்லாமைக்கும் இதையே காரணமாகச் சொல்வர். புள்ளி ஓலையில் துளையாகிவிடும் அல்லவா? எழுதும் முறையும் நம்முடையதற்கு நேர்மாறானது. வலக்கை எழுத்தாணியைப் பிடித்திருக்கும். இடக்கை ஓலையை நகர்த்திக்கொடுக்கும். இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை போல் ஒரு பள்ளம் செய்து, எழுத்தாணி வழுக்காமல் அதில் பொருத்தி எழுதியோரும் இருந்தனர்.

மாணவர்களுக்கு வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லதென்று எண்ணி, காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் செய்தேன். ஊசியால் 'அ' என்று எழுதியபோது ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள். விளக்கின் கரியைச் சிறிது எண்ணெயில் குழைத்து அதன்மேல் பூசித் துணியால் துடைத்தேன். கீறலுக்குள் மட்டும் கரி தங்க, எழுத்து கறுப்பாக எழுந்து நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றைய பாடம் முடிய வெகுநேரமாயிற்று.

நம் இலக்கியமும் இந்தக் கருவியும்

இஸ்லாமியத் தமிழிலக்கியம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் பழைய பகுதி முழுவதும் இத்தகைய ஊசியும் கத்தியும் காத்துத் தந்ததுதான். 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' ஓலையில் வாழ்ந்தது. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள், ஓலையிலேயே ஊர் ஊராகப் பரவிற்று. 1835இல் அச்சகம் வைத்துக்கொள்வதற்கு இருந்த தடைகள் நீங்கிய பிறகு, 1842இல் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கி அதனை அச்சேற்றினார்கள். சாமிநாதையர் பிறப்பதற்கே அப்போது இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன என்பதை நம்மவரே பலர் அறியார்.

பல்சந்தமாலையின் கதி வேறு. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் மிகத் தொன்மையான நூலாகக் கருதப்படும் அந்நூலில் நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்கள் மட்டுமே. களவியற்காரிகை உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டமையால் அவையேனும் தப்பின. எஞ்சியவை எந்த வீட்டுப் பரணில், எந்த அடுப்பில் முடிந்தனவோ!

பனையோலை என்றும் நிலைப்பதன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குள் செல்லரித்தோ பொடிந்தோ போகும். அதற்குள் வேறொருவர் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். ஆகவே ஓர் ஊரில் எழுத்தாணி பயன்பாட்டிலிருந்து மறைந்தது என்றால், அவ்வூரின் ஏடுகளுக்கு இனி வாரிசு இல்லை என்பது பொருள்.

கரிவலம்வந்தநல்லூரின் பெயரே ஏடுகளின் வரலாற்றில் ஒரு துயரச் செய்தியோடு சேர்ந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவடி தேடி அலைந்த சாமிநாதையர், இவ்வூரில் வாழ்ந்த பாண்டிய அரசர் ஒருவர் மகப்பேறின்றி மறைந்ததால் அவருடைய ஏடுகள் யாவும் பால்வண்ணநாதர் கோவிலைச் சேர்ந்தன என்று கேள்வியுற்று ஆவலோடு இங்கே வந்தார். கோவில் அலுவலர் ஒருவர் சொன்ன விடை அவரை நிலைகுலையச் செய்தது. சிதைந்த பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடவேண்டும் என்பது விதியாம். அவ்வாறே செய்து முடித்துவிட்டார்களாம். அப்பெரியார் பட்ட வேதனையை அவர் நூலில் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இதனைப் படித்துவிட்டுப் பிறரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அவர்கள் செய்ததும் அவமதிப்பினால் அன்று, மரியாதையினால். எழுத்துள்ள பொருள் கால்பட்டுவிடக் கூடாதென்ற அச்சம் நம்மிடமும் உண்டு. கிழிந்த குர்ஆன் பிரதிகளைக் கண்ணியமாக மண்ணில் புதைப்பதும் நீர்நிலையில் விடுவதும் நம் வழக்கம். அச்சிட்ட குர்ஆனுக்கு அது பொருந்தும். உலகில் அதற்கு எண்ணற்ற பிரதிகள் உள்ளன, உள்ளத்தில் சுமக்கும் ஹாபிழ்களும் உள்ளனர். ஆனால் பாட்டனாரின் கையெழுத்தில் இருந்த அரபுத்தமிழ்க் கிதாபையும், வேறெங்கும் படி இல்லாத மாலையையும் கிஸ்ஸாவையும் அதே மூட்டையில் கட்டிக் கிணற்றில் இறக்கியிருக்கிறோமே, அவற்றை இனி யார் மனத்திலிருந்து மீட்பது?

இந்த எழுத்தாணிக்கும் எரிந்துபோன அச்சுவடிகளுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் அவ்வாறு சொல்லவும் மாட்டேன்.

விலை என்ன?

பொருள் இன்னதென்று தெரிந்தவுடன் அதற்கு விலை பேச ஆள் வந்துவிட்டது. தரகர் ஒருவர், பிடி யானைத் தந்தம் என்றும் நல்ல தொகை தருவதாகவும் மாணவனின் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் வந்தார். பிடியின் மெலிந்த ஓரத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். ஒளி மங்கலாக ஊடுருவியது. உள்ளே இழை இழையாகத் தெரிந்தது. கொம்பின் இயல்பு அது. தந்தமாயின் வெண்மஞ்சள் நிறமும், வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் மெல்லிய வளைகோடுகளும் காணப்படும். எலும்பாயின் நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். உண்மையில் தந்தமாக இருந்திருந்தால்தான் சிக்கல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தை அடியோடு தடுத்துள்ளன. பாட்டன் சொத்து என்பது விற்பதற்கு உரிமையாகாது.

அவருக்கு வேறோர் உறுத்தல் இருந்தது. "ஹஜ்ரத், இதை இரும்பு எடைக்குத்தான் வாங்கினேன். குடுத்த அம்மாவுக்கு இதோட அருமை தெரியாது. எனக்கும் அப்போ தெரியாது. இப்போ தெரிஞ்சிருச்சே, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். இருவரும் அறியாமல், வஞ்சகமின்றி, மனமொப்பிச் செய்த வியாபாரம் முறிவதில்லை. சட்டப்படி பொருள் அவருடையதே என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சட்டப்படி சரி" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

மறுநாள் அவர் அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். ஊருக்கு வெளியே தனியாக வாழும் முதிய அம்மையார். அவருடைய மாமனார் வழியில் யாரோ கணக்கு எழுதியவர்களாம். செய்தியைச் சொல்லிக் கூடுதல் பணம் நீட்டியபோது அம்மையார் பாதியை வாங்கிக்கொண்டு, பரணில் இன்னும் 'குப்பை' கிடப்பதாகச் சொல்லியிருக்கிறார். பானைக்குள் பத்துப் பன்னிரண்டு ஓலைகள் இருந்தன. காவியமன்று, புராணமன்று. இன்னாருக்கு இத்தனை மரக்கால் நெல், இத்தனை கோட்டை என்று குறித்த கொடுக்கல் வாங்கல் கணக்கு. தமிழ் எண்களிலும் பின்னக் குறிகளிலும் எழுதப்பட்டிருந்தது. ஓலைகளின் ஓரம் அனைத்தும் ஒரே சீராக வாரப்பட்டிருந்தன.

இத்தகைய பொருள் உங்கள் வீட்டில் கிடைத்தால் சில செய்திகளை மனத்தில் வையுங்கள். கத்தியைச் சாணை பிடிக்காதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளையைப் புளியிட்டு விளக்காதீர்கள். தேய்மானத்தைப் பார்த்துத்தான் அதன் வேலையை அறிய முடிகிறது. மினுக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, கீலில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதும். எந்த ஊரில், எந்த வீட்டில், யாரிடம் கிடைத்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே கட்டி வையுங்கள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த, இலக்கிய வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பாதுகாக்கிறது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.

ஓலைகள் கிடைத்தால் பிரிக்க அவசரப்பட வேண்டாம். ஒட்டிக்கொண்டவற்றை இழுத்தால் கிழியும். தண்ணீரும் வெயிலும் ஆகா. கயிறு இற்றிருந்தால் வரிசை குலையாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து, சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ உ.வே.சா. நூலகத்துக்கோ, தஞ்சையில் உள்ள தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சரசுவதி மகால் நூலகத்துக்கோ எழுதிக் கேட்கலாம். அங்குள்ளோர் தூசியை மென்தூரிகையால் நீக்கி, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி ஓலையை மீண்டும் வளையச் செய்வார்கள். மங்கிய எழுத்துக்குக் கரி பூசிப் படிப்பார்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் படமாவது எடுக்கச் செய்யலாம். வீட்டில் வைத்திருப்போர் வசம்புத் துண்டு ஒன்றைத் துணிக்குள் முடிந்து பெட்டியில் போட்டு வையுங்கள், பூச்சி அணுகாது. ஆண்டுக்கு ஒருமுறை வசம்பை மாற்ற வேண்டும்.